பழவேற்காட்டில் மூடிய கதவு

1611-ல் 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. ஏரியும் கடலும் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் வியாபாரம் செழித்திருந்தது. ஆனால் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மறுப்பு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

இடம் தேடி அலைந்த ஆங்கிலேயருக்கு 1639-ல் மதராசப்பட்டினம் கிடைத்தது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளியே நங்கூரமிட்டன. இடையில் ஆளுயர அலை. ஐரோப்பியப் படகுகள் அதில் சிக்கி நொறுங்கின. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவது யார்?

மீனவர்கள்தான். லேசான மரங்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் வரிந்து, மேலே மண்டியிட்டுத் துடுப்புப் போட்டார்கள். கடிதம் தொப்பிக்குள். அலை புரட்டினால் நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொண்டார்கள். மேலே அடித்த நீர் இடுக்குகள் வழியே ஒழுகிவிடும். தேங்கி மூழ்கக் குழிவே இல்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தினார்கள். அலையோடு மோதாமல் அலைக்கு வழிவிட்ட அறிவு அது. ஒரு கடலோடியின் கண் அதன்மேல் விழுந்தது.

அவர் வில்லியம் டாம்பியர், கடற்கொள்ளையரோடும் திரிந்தவர். 1697-ல் லண்டனில் வெளியான அவருடைய பயண நூலில் சோழமண்டலக் கரையின் அந்த மிதவை தமிழ்ப் பெயரோடே ஏறியது. கட்டுமரம் ஆங்கில நாவில் 'கேட்டமரான்' ஆனது. நூல் பரபரப்பாக விற்றது. பெயர் கப்பலேறியது, மரம் கரையிலேயே நின்றது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

1804 அக்டோபரில் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதக்கும் வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலேயர் ஏவினார்கள். அவற்றுக்கும் கேட்டமரான் என்றே பெயர். பெரிய சேதம் எதுவும் விளையவில்லை. அப்புறம் சண்டைக்காரப் பெண்களை ஏசவும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வசையாகவே அது முடிந்துபோயிருக்கலாம்.

1876 ஜூனில் நியூயார்க் பாய்மரப் போட்டிக்கு நத்தானியேல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற விசித்திரப் படகைக் கொண்டுவந்தார். ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே ஒரு பாலம். எல்லோரையும் முந்தியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், அமரில்லிஸ் விலக்கப்பட்டது. மறு ஆண்டே ஹெரஷாஃப் காப்புரிமை வாங்கினார். இரட்டை உடல் பசிபிக் தீவினரின் பழைய உத்தி. அதற்கு ஒட்டிக்கொண்ட கேட்டமரான் என்ற பெயர் மட்டும் சோழமண்டலத்து மீனவருடையது. இன்று ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் இடையே பறக்கும் இரட்டை உடல் பயணிகள் படகும் கேட்டமரான்தான். பழவேற்காட்டில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன.