தேரும் முட்டுக்கட்டையும்



பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியுள்ள பெருமான் வழித்துணைநாதர். மிளகு வணிகர் ஒருவருக்குக் கள்வர் அச்சம் நீங்க உடன் வந்தருளினார் என்பது தலவரலாறு. அவ்வழியே ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பாரவண்டி ஓட்டிய நம் முன்னோர், மேட்டில் நிற்க நேர்ந்தால் சக்கரத்தின் கீழ் ஒரு கல்லை இடுவர். அச்சிறு கல் வண்டியைப் பின்வாங்க விடாது. திருத்தேருக்கு முட்டுக்கட்டை இடுவதும் இந்நெறியே.

இதன் இயல்பைச் சிறிது எண்ணுவோம். அசையாத தடையொன்றை முட்டிய சக்கரம், அதன் முனையை ஊன்றி எழுந்தாலன்றி அப்பால் செல்லாது. சக்கரத்தின் ஆரம் 5 சாண், தடையின் உயரம் 1 சாண் என்க. அச்சை நேரே இழுத்து ஏற்ற, அச்சக்கரம் தாங்கும் எடையில் முக்கால் பங்கு விசை வேண்டும். உயரம் 2 சாணாயின், முழு எடையினும் மூன்றிலொரு பங்கு மிகுதியாக வேண்டும். தடை அச்சின் உயரத்தை எட்டினால், நேரே இழுக்கும் எவ்விசையாலும் ஏறாது.

ஓடுந்தேரை அவ்வாறு திடுமென மறித்தலும் தீங்காம். ஆதலின் முட்டுக்கட்டையை ஆப்பு வடிவிற் செதுக்கினர். சக்கரம் அதன்மேல் ஏற ஏற, தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்துகிறது; உராய்வு மிகுந்து வேகம் தணிகிறது. தேரின் பாரமே தேரை அடக்குகிறது! ஒருபுறச் சக்கரத்தை மட்டும் தடுப்பின், தேர் அப்புறமே திரும்பும்.

திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாது நின்று, 1970-இல் மீண்டும் ஓடிற்று. திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துத் தந்தனர். எனினும் முட்டுக்கட்டை இடுவோரின் தொண்டு ஒழியவில்லை. அத்திருவாரூரிலேயன்றோ, அரசிளங்குமரன் தேர்க்காலில் ஓர் ஆன்கன்று மாண்டது? தக்க பொழுதில் நில்லாத சக்கரம் தந்த துயரை மனுநீதிச் சோழர் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

வடம் பிடிப்போர் ஆயிரவர். கட்டை இடுவோர் சிலரே. உருளும் சக்கரத்தின் அருகே கையையும் காலையும் வைத்து நம் உயிரைக் காப்பவர் அவர். அவர் ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்த கணமே வடத்தைத் தளர்த்துவோமாக. இழுத்தலும் தொண்டு, நிறுத்தலும் தொண்டு. வழித்துணைநாதர் இருசாராருக்கும் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.