அரை டன் கருவியும் பூமியின் வடிவமும்

பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்று அறியும் ஆவலே, நில வரைபடம் வேண்டிய கிழக்கிந்தியக் கும்பினி அரசின் செலவில், ஆங்கிலப் படை அதிகாரி வில்லியம் லாம்ப்டனை 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்க வைத்தது. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பதே அவர் கையாண்ட முக்கோண அளவையின் அடிப்படை. கோணங்களை அளந்தது தியோடலைட் எனப்படும், தொலைநோக்கியும் பாகை குறித்த வட்டமும் கொண்ட, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கருவி. சமவெளியான தஞ்சையில் குன்றுகள் இல்லாததால் 1808இல் அதைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றியபோது (எண்ணூறு ஆண்டு வழிபாட்டிடத்தை அளவை மேடையாகக் கண்ட துணிச்சலும் அந்த ஆவலின் கூறுதான்) கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்ப்டனோ கூடாரத்தில் அடைந்துகொண்டு, ஆப்பும் திருகாணியும் சிறு சுத்தியலும் கொண்டு சுமார் ஆறு வாரங்களில் அதை மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு மீட்டார். அளவை வடக்கே நகர, 1819இல் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்டின் குழுவைக் காய்ச்சல் வீழ்த்தியது. பணியாட்கள் பலர் மாண்டனர். 1823இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்ப்டனும் இறக்க, செப்பனிட்ட அதே கருவியோடு எவரெஸ்ட் வடக்கே அளந்து சென்றார்.