தோட்டாவுக்கு ஒரு கை

பேரரசுகள் ஏன் விரிந்தன என்று கேட்டால் நம்ம பாடப்புத்தகம் மூணு காரணம் சொல்லும். கச்சாப்பொருள், சந்தை, நாகரிகப்படுத்தும் கடமை. மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிவிட்டோம். இந்த மூணும் மனுஷன் உடம்புமேல் எப்படி இறங்கின என்பதைப் பார்க்க காங்கோவுக்குப் போகவேண்டும்.

பெல்ஜியம் ராஜா இரண்டாம் லியோபோல்டுக்குத் தன் நாடு சின்னது என்கிற குறை. 1876இல் பிரஸ்ஸல்ஸில் மாநாடு கூட்டி, அடிமை வியாபாரத்தை ஒழிக்கணும், அறிவியல் வளரணும் என்று பேசினார். பிறகு ஸ்டான்லியை அனுப்பினார். 1879 முதல் 1884 வரை ஸ்டான்லியும் ஆட்களும் ஆற்றோரம் அலைந்து, ஊர்த்தலைவர்களுக்குத் துணியும் சாராயமும் கொடுத்து, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத காகிதங்களில் கீறல் வாங்கினார்கள். 1884-85இல் பெர்லினில் பதினான்கு நாடுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசின. ஆப்பிரிக்கர் ஒருத்தர்கூட அங்கே இல்லை. லியோபோல்டின் கையில் வந்த நாட்டுக்கு ‘காங்கோ சுதந்திர அரசு’ என்று பேர். யாருக்குச் சுதந்திரம்?

1885 ஜூலை 1இல் ஓர் ஆணை. ‘காலியாக’க் கிடக்கும் நிலமெல்லாம் அரசுக்கே சொந்தம். நம்ம பாஷையில் சொன்னால் புறம்போக்கு. இந்த ஒரு சொல்லை இழுத்து இழுத்து, ஜனங்கள் வேட்டையாடிய காட்டையும் விளைச்சலுக்குப்பின் ஆறப்போட்ட நிலத்தையும் ராஜா சொத்தாக்கினார்கள். துப்பாக்கிக்கு முன்னால் வந்தது சொல்.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்கு ரப்பர், பிறகு மோட்டார் காருக்கு ரப்பர், மின்கம்பி உறைக்கும் ரப்பர். மரம் நட்டால் பால் வர வருஷக்கணக்காகும். காங்கோ காட்டிலோ ரப்பர்க்கொடி தானாகவே கிடந்தது. 1892இல் ஆங்கிலோ-பெல்ஜியன் இந்தியா ரப்பர் கம்பெனி வந்தது. ரப்பருக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேரே இந்தியா ரப்பர் என்பதுதான். இரும்புப் படகு, 1898இல் முடிந்த ரயில்பாதை, தொழிற்சாலைத் துப்பாக்கி என்று தொழிற்புரட்சி முழுசும் காட்டுக்குள் இறங்கியது.

கூலி கொடுத்தா வேலை வாங்கினான்? ஊரின் பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தான். ஆண்கள் குறித்த எடைக்கு ரப்பர் கொண்டுவந்தால் விடுவான். குறைந்தால் நீர்யானைத் தோலில் செய்த சாட்டை. படையில் அதிகாரி வெள்ளையன், சிப்பாய் கறுப்பன். சிப்பாய்க்கும் கணக்கு உண்டு. வேட்டையில் தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்டுக்கொன்றவனின் வலதுகையை வெட்டிக்கொண்டு வரணும். மிருகத்தைச் சுட்டுத் தின்ற சிப்பாய், உயிரோடிருந்தவர் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தான். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் தெரிவது கிடங்குக் கணக்குதான்.

கணக்குப்புத்தகமே காட்டியும் கொடுத்தது. எட்மண்ட் மோரல் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அவர் கவனித்தார். வருகிற கப்பலில் ரப்பரும் தந்தமும். போகிற கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். பண்டமாற்றுச் சரக்கு இல்லாத இடத்தில் வியாபாரம் ஏது? அடிமை உழைப்பு என்று புரிந்துகொண்டு 1901இல் வேலையை விட்டு எழுத ஆரம்பித்தார். 1904இல் கேஸ்மெண்ட் அறிக்கை வந்தது. அதே வருஷம் ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த படத்தில் ந்சாலா என்கிற தகப்பன், தன் ஐந்து வயது மகள் போவாலியின் வெட்டுண்ட கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

நெருக்கடி தாங்காமல் ராஜாவே விசாரணைக் கமிஷன் போட்டார். அதன்முன் வந்த லொந்துலு என்கிற தலைவர் 110 குச்சிகளைக் கொண்டுவந்தார். ரப்பருக்காகச் செத்த தன் ஜனத்துக்கு ஆளுக்கொரு குச்சி. பெரியவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று பிரித்து வைத்து, ஒவ்வொரு பேராகச் சொன்னார். எழுத்தில்லாதவன் வைத்த கணக்கு அது.

அந்த வாக்குமூலங்களைக் கமிஷன் தன் அறிக்கையோடு வெளியிடவில்லை. 1980கள்வரை ஆராய்ச்சியாளர்களுக்குக்கூட எட்டாமல் பிரஸ்ஸல்ஸில் பூட்டிவைத்தார்கள். 1908இல் காங்கோ பெல்ஜியத்தின் கைக்கு மாறுமுன் லியோபோல்ட் தன் ஆவணங்களை எரிக்கச் செய்தார். 2020இல் பெல்ஜியம் ராஜா பிலிப் வருத்தம் தெரிவித்தார். 2022இல் கின்ஷாசா போனபோதும் வருத்தம்தான். மன்னிப்பு கேட்கவில்லை.

சம்பவம் நடந்த ஊர்களுக்கு வாக்குமூலம் எழுதி எடுக்கப் போகிற நமக்கு இதில் பாடம் இருக்கு. செத்தவர் எத்தனைபேர் என்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பேரையும் எழுதுங்க தோழர்களே. எழுதினதில் ஒரு பிரதி அந்த ஊரிலேயே இருக்கட்டும். கமிஷன் அலமாரியை நம்பவேண்டாம்.