அந்தப் பன்னிரண்டு வாரம்: கரிசல்காட்டுக்கு ஒரு டாக்டர் எப்படித் தயாராகிறார்?

இந்த எபிசோடு டாக்டர்களைப் பற்றியது. பெயர்பெற்ற சர்ஜன்கள் இல்லை. எம்பிபிஎஸ் முடித்த சூட்டோடு, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் நைட் டூட்டிக்கு உட்காருகிறாரே, அந்த இளம் டாக்டரைப் பற்றி.

ஒரு கேஸைக் கற்பனை பண்ணிக்குவோம். விடியற்காலை. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவரை வயிற்றுவலின்னு தூக்கிட்டு வர்றாங்க. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. அஜீரணமா? குடல்வால் வீக்கமா? விஷயம் தெரிந்த டாக்டர் கண் இமையையும் பார்ப்பார். அது தொங்க ஆரம்பித்திருந்தால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். ராத்திரியில் கடிக்கும், பெரிசா வலிக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். அப்புறம் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வயிற்றுவலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால், ஆள் பிழைப்பது கஷ்டம்.

இந்த ஒரு கேஸில் எத்தனை துறை இருக்கு பாருங்க. வயிற்றைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க அறுவை சிகிச்சை தெரியணும். விஷமுறிவு மருந்து கொடுக்கப் பொது மருத்துவம். மூச்சுக்குழாயில் டியூப் போட மயக்கவியல். ஆள் இறந்துட்டா போஸ்ட்மார்ட்டம், போலீஸ் ரிப்போர்ட்: தடயவியல் மருத்துவம். மதுரை பெரியாஸ்பத்திரியில் இதுக்கெல்லாம் தனித்தனி ஆட்கள். சின்ன ஊரில் அந்த ராத்திரிக்கு எல்லாமே ஒரே ஆள்.

அந்த ஒரே ஆளை எங்கிருந்து கொண்டுவருவது, எப்படித் தயார்செய்வது? கேள்விக்கு நூறு வயசு ஆச்சு.

1920களில் சென்னை மாகாணத்தில் இரண்டு வகை டாக்டர்கள். கல்லூரியில் படித்த பட்டதாரிகள் ஒரு பக்கம். மருத்துவப் பள்ளியில் குறைந்த காலம் படித்த எல்எம்பி டாக்டர்கள் இன்னொரு பக்கம். பனகல் அரசர் காலத்து நீதிக்கட்சி அரசு, கிராமத்தில் போய்த் தங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. ஊருக்கு ஆள் வரணும், அதுதான் நோக்கம்.

பிறகு 1943இல் போர் குழு. இங்கே ‘போர்’ என்பது சண்டை இல்லை, தலைவர் சர் ஜோசப் போர். 1946இல் அறிக்கை வந்தது. அன்றைய இந்தியாவில் பதிவுபெற்ற டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அதில் கிட்டத்தட்ட 30,000 பேர் எல்எம்பி போன்ற லைசென்ஷியேட்டுகள். அந்தப் படிப்பையே மூடிவிடலாம், இனி நாடு முழுக்க ஒரே வகை டாக்டர் போதும் என்றது குழுவின் பெரும்பான்மை. சில உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு ஆள் பஞ்சத்தில் இதை மூடலாமா என்பது அவர்கள் வாதம்.

பெரும்பான்மைதான் ஜெயித்தது. ஆனா அந்த முடிவுக்குள்ள ஒரு வாக்குறுதி இருந்தது: அந்த ஒரே வகை டாக்டர் கிராமத்துக்கும் தயாரானவராக இருப்பார். அதுக்காகத்தான் சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி வேணும்னு அதே அறிக்கை சொன்னது.

அந்த மூன்று மாதம் இன்னும் உயிரோட இருக்கு. நாலரை வருஷப் படிப்புக்குப் பிறகு ஒரு வருஷம் சுழற்சிப் பயிற்சி. நம்ம ஊரில் சிஆர்ஆர்ஐ, அல்லது ஹவுஸ் சர்ஜன். 2021 விதிமுறைப்படி சமூக மருத்துவம் 12 வாரம், பொது மருத்துவம் 6, அறுவை சிகிச்சை 6, மகப்பேறு 7, குழந்தை நலம் 3, மயக்கவியல் 2, தடயவியல் 1 என்று போகிறது.

எங்க ஐடி ஃபீல்டு மொழியில் சொன்னா, புரொடக்ஷனில் தனியா விடுறதுக்கு முன்னாடி சீனியர் பக்கத்தில் உட்கார வைக்கிற காலம் இது. சிக்கல் என்னன்னா, பயிற்சியின் பெரும்பகுதி நடப்பது ஸ்கேன், லேப், சீனியர் எல்லாம் கைக்கெட்டுகிற பெரிய ஆஸ்பத்திரியில். எதுவும் இல்லாத இடத்தில் முடிவெடுக்கப் பழகுவதற்கான காலம் அந்த 12 வாரம்தான். உதாரணமா, விரியன் கடித்தவரின் ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைக்கணும். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கு. இதுக்குப் பெரிய லேப் தேவையில்லை, செய்து பழகிய கை போதும்.

தமிழ்நாடு ஆள் கொண்டுவரும் பாதியை நல்லாவே செய்தது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி இட ஒதுக்கீடு கொடுத்தது. அதற்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வும் தீர்ப்பளித்தது. ஆனா இன்னொரு விளைவும் இருக்கு. எல்லோருடைய கண்ணும் மேற்படிப்பு மேல். ஹவுஸ் சர்ஜன் வருஷத்திலேயே கையில் நீட் பிஜி புத்தகம். அவர்களையும் குறை சொல்ல முடியாது, போட்டி அப்படி.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1954இல் தொடங்கிய மதுரைக் கல்லூரியை நம்பியிருந்த இந்தப் பக்கத்துக்கு இது பெரிய மாற்றம். இனி ஒரு பயிற்சி டாக்டர் தன் 12 வாரத்தை, சீனியர் ஒருத்தர் பக்கத்தில் நிற்க, இந்தக் கரிசல் ஊர்களிலேயே கழிக்க முடியும். அங்கே அவர் வெறும் கையெழுத்து வாங்கிட்டுப் போகாமல், பாம்புக்கடியையும் பிரசவத்தையும் பார்த்துப் பழகினால்தான் 1946 வாக்குறுதி நிறைவேறும்.

உங்க நண்பர்களில் ஹவுஸ் சர்ஜன் யாராவது இருந்தா, அந்த 12 வாரம் எங்கே போச்சுன்னு கேட்டுப் பாருங்க. பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.