கரை காக்கும் கடமை

அணை என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன பக்ரா நங்கலும் ஈராகுட்டும் மேட்டூருமே. ஆயினும், பாரத நாட்டுச் சிற்றூர்களின் வாழ்வைத் தாங்கி நிற்பவை பெயர் பரவாத சிற்றணைகளேயாம். மழைக்காலத்து ஓடைவெள்ளத்தைத் தடுத்து, சிறிது சிறிதாக வெளிவிட்டு, கீழுள்ள வயலையும் வீட்டையும் காப்பன அவை. அவற்றுள் மிகப்பல வெறும் மண்கரைகள். அவற்றைத் திறந்து வைக்கும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. பின்வரும் நாட்களில் பார்ப்பாரும் அரியர். இக்குறை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை, நாம் குடிபெயர்ந்து வாழும் மேற்கு இந்தியாவில் நேர்ந்த மூன்று நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. முதலிரண்டும் பேரணைகள், மூன்றாவது ஒரு சிற்றூரின் அணை.

முதல் நிகழ்ச்சி 1961-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள் புனே நகரில் நிகழ்ந்தது. அம்பி ஆற்றின் குறுக்கே எழுந்துகொண்டிருந்த பான்ஷேத் மண்ணணை, வேலை முற்றுப்பெறாமலே மழைக்காலத்தை எதிர்கொண்டது. நீர் வெளியேறும் குழாய்வழியின்மேல் இருந்த கரை அமிழத் தொடங்கிற்று. படைவீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடினர். ஆயினும் காலையில் அணை உடைந்தது. கீழே 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா அணையையும் தகர்த்துக்கொண்டு வெள்ளம் நகரினுட் புகுந்தது. வீரர்கள் ஈட்டித் தந்த சில மணி நேரத்தால், நள்ளிரவில் வரவிருந்த வெள்ளம் பகலில் வந்தது. அதனால் உயிர் தப்பியோர் பலர்.

இரண்டாவது, குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலிருந்த இரண்டாம் மச்சு அணையின் கதை. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், அணை கட்டியோர் கணித்திருந்த வெள்ளத்தின் இருமடங்குக்கும் மேலான நீர் வந்து சேர்ந்தது. நடுவிலிருந்த கற்கட்டு நிலைத்து நின்றது. இருபுறத்து மண்கரைகளின்மேல் நீர் வழிந்து அவற்றை அடித்துச் சென்றது. மாண்டோர் ஆயிரக்கணக்கினர், அவர் தொகையோ இன்றளவும் உறுதிப்படவில்லை. மண்கரையின்மீது நீர் வழிந்தோடத் தொடங்கிவிட்டால் அக்கரை நெடுநேரம் தாங்காது என்ற பழம்பாடத்தை அந்நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

மூன்றாவது, நம் கருத்துக்கு மிக அணித்தானது. இரத்தினகிரி மாவட்டம் சிப்லூண் வட்டத்துத் திவரே என்னும் சிற்றூரின் அணை, 2019-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இரவு உடைந்து, கீழிருந்த குடியிருப்பை அள்ளிச் சென்றது. இருபது பேரளவில் உயிரிழந்தனர். கரையில் நீர் கசிவதை முன்னரே எடுத்துரைத்ததாக ஊரார் கூறினர். நண்டுகள் கரையைத் துளைத்தமையே காரணம் என அமைச்சர் ஒருவர் சொன்னது நாடெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. ஆனால் அச்சொல் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. நண்டும் எலியும் கரையைத் துளைக்கும் என்பதை உழவர் அறியாரா? வளை தோன்றுவது இயற்கை. அதனைக் கண்டு அடைப்பது மனிதர் கடமை. நண்டின்மேற் பழி சுமத்துவோர், அவ்வளையை அடைக்க வேண்டியவர் யாவர் என்னும் வினாவுக்கு விடை கூற வேண்டாவா?

கரை ஒருநாளில் உடைவதன்று. பெரும்பாலும் அது முன்கூட்டியே குறிகாட்டும். கசிவுநீர் தெளிவாக இருந்தால் அச்சம் சிறிது. கலங்கி வந்தால், கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். கரைமேல் வளர்ந்த மரம் பட்டுப்போனால், மக்கிய வேர் நீருக்கு வழியாகிவிடும். கலிங்கில் மண்ணும் புதரும் அடைத்துக்கொண்டால், வெள்ளம் வேறு வழியின்றிக் கரைமேல் ஏறும். வண்டல் படிந்து நீர்ப்பரப்பு தூர்ந்தால் வெள்ளத்தை ஏற்க இடமிராது. வெள்ளம் தடுக்கும் அணைக்கோ வெற்றிடமே வலிமை. இவற்றையெல்லாம் காணப் பெருங்கருவி எதுவும் வேண்டா. மழைக்கு முன் கரைமேல் நடந்து பார்க்கும் இரு கால்கள் போதும்.

இவ்வாறு நடந்து பார்க்கும் பணியை ஊராட்சியின் உறுப்பாகவே வைத்திருந்தனர் நம் முன்னோர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தமையைக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அதில் அமரலாகாது என்பது விதி. ஏரியைப் பேண ஏரிப்பட்டி என நிலமும் ஒதுக்கினர். எனவே கரைக்கு ஆளும் இருந்தனர், பொருளும் இருந்தது, கணக்கும் இருந்தது. பிற்காலத்துக் குடிமராமத்தின் சுமை பெரும்பாலும் எளியோர் தோள்மீதே ஏறியதென்பதை நாம் மறைத்தல் தகாது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பு கட்டாயச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. பழமையில் நாம் போற்ற வேண்டியது பொறுப்பை வரையறுத்த முறையையே.

இக்காலத்தில் அப்பொறுப்பை வரையறுக்க வந்தது 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதித்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது. ஆனால் அதன் எல்லைக்குள் வருவன 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்தவற்றுள் நீளம், கொள்ளளவு முதலியவற்றாற் பெரியனவுமேயாம். அதற்குக் குறைந்த ஊர்க்கரைகள் அச்சட்டத்தின் பார்வைக்குப் புறம்பே நிற்கின்றன. உயரம் குறைந்த கரை உடைந்தாலும், அதனடியில் உறங்கும் குடும்பத்துக்கு அது பேரணையே அன்றோ?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. போட்ட அணையை வெள்ளம் வருமுன் பார்க்கவும் வேண்டும் என்பதை இம்மூன்று நிகழ்ச்சிகளும் அதனோடு சேர்க்கின்றன. நாம் வாழும் ஊரிலோ, விடுமுறைக்குச் செல்லும் சொந்த ஊரிலோ, கரையொன்றைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்போமாக: இக்கரைக்குப் பொறுப்பாளர் யார்? சென்ற மழைக்கு முன் இதனைப் பார்வையிட்டவர் யார்? கலிங்கு திறந்து கிடக்கிறதா? விடை கிடைக்காத ஊரில், அவ்விடையை ஊராட்சியிடம் எழுத்தில் கேட்பதே குடிமக்களாகிய நாம் செய்யத்தக்க முதற்பணி.