ஒரு சிறு கடிவாளத்தின் வரலாறு

கண்ணாடியின் முன் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதியை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று தெரியும். மேலுதட்டைத் தூக்கினால் அங்கும் அதுபோன்ற ஒரு மடிப்பு உண்டு. இம்மடிப்புகளை மருத்துவ நூல்கள் ‘பிரெனுலம்’ என்று அழைக்கின்றன. லத்தீன் மொழியில் ‘பிரெனும்’ என்றால் குதிரையின் கடிவாளம். பிரெனுலம் என்றால் சிறு கடிவாளம். அசையும் உறுப்பு அளவுக்கு மீறி அசையாமல் பிடித்து வைப்பதால் இப்பெயர் வந்தது.

ஆணுறுப்பிலும் இத்தகைய சிறு கடிவாளம் ஒன்று இருக்கிறது. மொட்டின் அடிப்புறத்தையும் முன்தோலையும் அது இணைக்கிறது. முன்தோல் பின்னால் சென்றபின் மீண்டும் தன் இடத்துக்கு வர அது உதவுகிறது. நுண்ணிய நரம்புகளும் ஒரு சிறு இரத்தக் குழாயும் அதில் உள்ளன. சிலருக்கு இம்மடிப்பு பிறவியிலேயே குட்டையாக இருக்கும். அப்போது விறைப்பின்போது மொட்டு கீழ்நோக்கி வளையும். தோல் இழுபட்டு வலிக்கும். சில வேளைகளில் கிழிந்து இரத்தம் கசியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைவிரல் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் போன்றதே இதுவும்.

இவ்வளவு சிறிய செய்திக்கு ஒரு வரலாறு இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பழைய இந்திய ஆயுர்வேத நூலில் தொடங்கி, பிரான்ஸ் அரண்மனை வழியாக, தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரில் படிக்கும் மாணவன் வரை அது நீள்கிறது.

சுசுருதர் சொன்ன ‘தையல்’

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தையது எனக் கருதப்படும் சுசுருத சம்ஹிதை அறுவை மருத்துவத்துக்குப் புகழ்பெற்ற நூல். அதன் உடலமைப்புப் பகுதியில் ‘சேவனி’ என்ற சொல் வருகிறது. தையல் போட்டதுபோலத் தோன்றும் இணைப்பு என்பது அதன் பொருள். உடலில் ஏழு சேவனிகள் உள்ளன என்கிறது நூல். தலையில் ஐந்து, நாக்கில் ஒன்று, ஆணுறுப்பில் ஒன்று. கத்தி அவற்றின்மேல் படக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. நாக்கையும் ஆணுறுப்பையும் ஒரே வரிசையில் வைத்ததைக் கவனியுங்கள். நாம் கண்ணாடியில் பார்த்த ஒற்றுமை அன்றைய மருத்துவர்களின் கண்ணுக்கும் பட்டிருக்கிறது.

முன்தோல் தொடர்பான மூன்று துன்பங்களையும் அந்நூல் பெயரிட்டுப் பிரிக்கிறது. தோலை வலிந்து இழுப்பதாலோ, உடலுறவின்போதோ, கைபட்டோ அது கிழிந்துபோவது ‘அவபாடிகை’. பின்னால் சென்ற தோல் திரும்பி வராமல் மொட்டுக்குப் பின்னே இறுகிக்கொள்வது ‘பரிவர்த்திகை’. தோல் குறுகி மொட்டை மூடிச் சிறுநீர் வழியை ஒடுக்குவது ‘நிருத்தப்பிரகாசம்’.

சிகிச்சை முறைகள் வியப்பூட்டுகின்றன. தோல் பின்னே இறுகிக்கொண்டால் நெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, மொட்டை மெல்ல அழுத்தியபடி தோலை முன்னே கொண்டுவர வேண்டும் என்கிறார் சுசுருதர். இன்றைய அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவர் முதலில் செய்வது இதைத்தான். நெய்க்குப் பதில் மரத்துப்போகச் செய்யும் களிம்பு, அவ்வளவே. தோல் குறுகியிருந்தால், இரும்பு, மரம் அல்லது அரக்கினால் செய்த இருபுறமும் திறந்த குழாயை நெய் பூசிச் செலுத்தி, மூன்று நாளுக்கொரு முறை சற்றே பருத்த குழாயாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதனால் பயனில்லையேல், சேவனியை விலக்கிவிட்டுத் தோலைக் கீறலாம். அவசரப்படாமல் முதலில் விரிக்க முயல்வது, கத்தியைக் கடைசியில் எடுப்பது என்ற ஒழுங்கு அன்றே இருந்திருக்கிறது.

ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவரும் இதே சிக்கலை எழுதியிருக்கிறார். மொட்டைத் திறக்க முடியாத நிலைக்குக் கிரேக்கர் ‘பைமோசிஸ்’ என்று பெயரிட்டதாகக் கூறும் அவர், முன்தோலின் விளிம்பிலிருந்து கடிவாளம் வரை அடிப்புறத்தில் நேராகக் கீறும் முறையை விளக்குகிறார். அவருடைய நூல் 1478-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் அச்சேறியது. அறிவு ஏட்டில் இருந்தது. ஆனால் அது உரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா?

அரண்மனையில் ஒரு மௌனம்

1770-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸின் இளவரசருக்கும் ஆஸ்திரிய இளவரசி மரீ அந்துவானெத்துக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 15, மணமகளுக்கு 14. நான்காண்டுகளில் அவர் பதினாறாம் லூயி என்ற பெயரில் அரசரானார். ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை. அரசருக்கு முன்தோலில் குறை, கத்தி வைத்தால்தான் தீரும் என்று தூதர்கள் தத்தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். தெருவில் கேலிப் பாட்டுகள் பரவின. மருத்துவர்கள் அரசரைச் சோதித்தார்கள். 1776-இல் அறுவை மருத்துவர் ஒருவர் கத்தி தேவையில்லை என்று கூறிவிட்டார்.

1777-ஆம் ஆண்டு அரசியின் அண்ணன், பேரரசர் இரண்டாம் யோசேப்பு, பாரிஸுக்கு வந்தார். மைத்துனருடன் மனம்விட்டுப் பேசினார். தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறை கூறியது தம்பதியின் அறியாமையைத்தான். அரசரின் உடலை அல்ல. 1778 டிசம்பர் 19-ஆம் நாள் அவர்களுக்கு முதல் பெண் குழந்தை பிறந்தது. லூயிக்கு அறுவை நடந்தது என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். ஆனால் அரசர் தம் வேட்டைக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்ததைப் பார்த்த வரலாற்று ஆசிரியர்கள் பலர், படுத்து ஓய்வெடுத்ததற்கான இடைவெளியே அதில் இல்லை என்று சுட்டிக்காட்டி அக்கதையை மறுக்கின்றனர்.

ஒரு பேரரசின் வாரிசுக்கே ஏழாண்டுகள் எவரும் நேராகச் சொல்லித் தரவில்லை. சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தும் மௌனம் உடைய ஒரு மைத்துனர் வரவேண்டியிருந்தது.

கத்தி எப்போது தேவை?

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு எண்ணிக்கைகளோடு விடை தேடினார்கள். 1949-இல் பிரிட்டனில் டக்ளஸ் கார்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறந்த குழந்தைகளுள் 4 சதவீதத்தினருக்கே முன்தோல் முழுமையாகப் பின்னால் செல்கிறது. மற்றவர்களுக்கு மொட்டோடு ஒட்டியிருப்பது இயற்கையே என்று அவர் காட்டினார். 1968-இல் டென்மார்க்கின் யாக்கோப் ஓஸ்டர், பள்ளிச் சிறுவர் ஏறத்தாழ 2,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து எழுதினார். வயது ஏற ஏற ஒட்டு தானே விலகுகிறது. 17 வயதில் நூற்றுக்கு ஒருவருக்கே குறுக்கம் மிஞ்சுகிறது என்பது அவர் கண்ட முடிவு. எனவே குழந்தையின் தோலை வலிந்து பின்னிழுக்கக் கூடாது. இழுத்தால் கிழியும், கிழிந்த இடம் தழும்பாகி, இல்லாத குறுக்கம் உண்டாகும்.

கடிவாளம் குட்டையாக இருப்பது வேறு. தோலின் வாய் குறுகியிருப்பது வேறு. வாய் குறுகியவர்களுள் பலருக்குச் சில வாரங்கள் ஸ்டீராய்டு களிம்பு தடவுவதிலேயே குணம் கிடைக்கிறது. கடிவாளம் குட்டையாக இருந்து, அடிக்கடி கிழிந்து தழும்பேறினால் ஒரு சிறிய அறுவை போதும். அதன் தத்துவம் வயிற்றிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? இரைப்பையின் வாயில் சுருங்கிப்போன நோயாளிகளுக்காக ஹைனக் 1886-ஆம் ஆண்டில் ஓர் உத்தியைக் கையாண்டார்; அவருக்குப் பின் மிக்குலிட்ஸும் அதைக் கையாண்டார். நீளவாக்கில் வெட்டி, குறுக்குவாக்கில் தைத்தால் வழி அகலமாகும். அதையே திருப்பிப் போடுங்கள். குட்டையான தோலைக் குறுக்கே வெட்டினால் வெட்டு வாய் சாய்சதுரமாகத் திறக்கும். அதை நீளவாக்கில் தைத்தால் தோல் நீளமாகிவிடும். துணி தைப்பவருக்கு இது உடனே விளங்கும்.

மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்து முடிக்கலாம். பெரும்பாலும் தானே கரையும் நூலால் தைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். ஆறு வாரம் வரை உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். சுன்னத்து செய்வதும் ஒரு வழியே. ஆனால் கடிவாளம் மட்டும் குட்டையாக உள்ள எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

சொல் இல்லாத இடத்தில்

மருத்துவம் இவ்வளவு எளிதாகியும் இளைஞர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்? தம் நிலைக்கு ஒரு சொல்கூட அவர்களிடம் இல்லை என்பதே முதற் காரணம். இந்தக் குறையைத் தமிழில் முதலில் உணர்ந்து உழைத்தவர்களுள் ஒருவர் சாமுவேல் பிஷ் கிறீன். 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த இவர், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்ற அறுவை மருத்துவ நூலை 1867-இல் தமிழில் வெளியிட்டார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவர் பேசவேண்டும் என்பதே அவர் கொள்கை.

நம் பாடநூல்களில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் படம் உண்டு. அழகான தமிழ்ப் பெயரும் உண்டு. இந்த மடிப்புக்கு வகுப்பறையில் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தில் புகுந்தவை துண்டறிக்கைகள். பஸ் நிலையச் சுவரிலும் பத்திரிகையின் மூலையிலும் ‘இளமையில் செய்த தவறு’ என்று அச்சுறுத்தி, விடுதி அறையில் வந்து பார்க்கச் சொல்லும் விளம்பரங்களை அறியாதவர் யார்? ஆண்மைக் குறையைத் தீர்ப்பதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. சட்டம் வந்தும் அச்சம் விலைபோகிறது. தோல் கிழிந்து இரத்தம் கண்டவன், அதை ஆண்மை போனதன் அடையாளம் என்று எண்ணி லேகியத்துக்குப் பணம் கொடுக்கிறான். லேகியம் தோலை நீளமாக்காது.

தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. பெரிய சிகிச்சைக்குச் சேலம் போகவேண்டும் என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2008-இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ பஸ் ஏறினால் அன்றைக்கே போய்த் திரும்பிவிடலாம். வளரிளம் பருவத்தினர் ஆணாயினும் பெண்ணாயினும் தயங்காமல் பேசுவதற்கென்றே 2014-இல் நடுவண் அரசு ஒரு திட்டத்தையும் தொடங்கியது. தொலைவு குறைந்துவிட்டது. இனிக் கடக்கவேண்டியது புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அமர்ந்து வாய் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

நினைவில் வைக்க வேண்டியவை

மடிப்பு கிழிந்து இரத்தம் வந்தால் பதற வேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நின்றாலும், ஆறும்வரை உடலுறவைத் தவிர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னால் சென்ற தோல் திரும்பாமல் வீங்கினால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. நடுத்தர வயதில் புதிதாகத் தோல் குறுகினால் சர்க்கரை நோய் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பிளேடால் தானே வெட்டிக்கொள்வதும், நூல் கட்டி அறுப்பதும் பெருந்தீங்கு. அங்கே இரத்தக் குழாய் உண்டு என்பதை மறவாதீர்கள்.

மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது? “ஐயா, முன்தோலைப் பின்னால் தள்ளும்போது அடியில் உள்ள தோல் இழுத்து வலிக்கிறது” என்று சொன்னால் போதும். பெண் மருத்துவராயின் “அம்மா” என்று தொடங்குங்கள்; அவருக்கும் இது அன்றாட வேலையே. மற்றதை அவரே கேட்டுக்கொள்வார். ஏழாண்டுகள் ஓர் அரசரால் சொல்ல முடியாமற்போன செய்தி, ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.