விஜேந்தர் சிங்: ஒரு வெண்கலத்துக்கு என்ன எடை?

போன வாரம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தப்போ ஃப்ரெண்டு ஒருத்தன் ஆரம்பிச்சான். "விஜேந்தரை ஓவரா கொண்டாடுறோம்டா. பாக்ஸிங்ல செமி ஃபைனல்ல தோத்த ரெண்டு பேருக்குமே வெண்கலம்."

விதி உண்மைதான். 2008 பெய்ஜிங், 75 கிலோ மிடில்வெயிட். காலிறுதியில் ஈக்வடாரின் கோங்கோராவை 9-4 என வென்றதுமே பதக்கம் உறுதி. அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கோரியாவிடம் 5-8. ஆனா குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

எனக்கு அதைவிட முக்கியம் உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அதோயெவ் கதை. 2009 மிலன் உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் விஜேந்தரைத் தோற்கடிச்சு, தங்கமும் வாங்கினவர். அடுத்த வருஷம் குவாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் அதே ஆளை விஜேந்தர் 7-0ன்னு அடிச்சார். ஏழுக்குப் பூஜ்யம்! உலக சாம்பியனை! 2012 லண்டன் காலிறுதியில் அதோயெவ் 13-17ன்னு கணக்கைத் தீர்த்துக்கிட்டது வேற விஷயம்.

"சரிடா, அவருக்கப்புறம் யார் வந்தா?"

அங்கதான் சறுக்கினேன். அடுத்த ரெண்டு ஒலிம்பிக் பதக்கமும் பெண்களுடையது: மேரி கோம், லவ்லினா. ஆண்களில் இன்னைக்கு வரைக்கும் விஜேந்தர் மட்டும்தான். 2012 டிசம்பரில் இந்தியச் சம்மேளனத்தையே உலக அமைப்பு சஸ்பெண்ட் பண்ணுச்சு. 2015ல் அவரும் தொழில்முறைக்குப் போயிட்டார். சம்மேளனச் சண்டைக்கு வீரரா பொறுப்பு?

"அப்போ வழி திறந்தவர்னு சொல்லாத. பெரிய பாக்ஸர்னு மட்டும் சொல்லு"ன்னான். ஒத்துக்கிட்டேன். டீக்காசை அவனே குடுத்தான்.